ஆசைக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று

வூச் நகரத்தில், டிராம் திரும்பும்போதெல்லாம்
ஜாடிகள் நடுங்குகிற நாலாவது மாடியில்
என் மேசைமேல் ஒரு கணினி, அலமாரிக்குள் ஒன்று.

மேசைமேல் இருப்பது
தம்பி ஜெமோவித் துடைத்துக் கொடுத்தது.
பதினோரு வருடப் பழசு. மூடியில் காப்பிக் கறை.
லினக்ஸைப் போட்டுவிட்டு
"இனி இது உனக்கு மட்டும்தான் பதில் சொல்லும்" என்றான்.
சொல்கிறது,
எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்விகளுக்கு.
மற்ற நேரங்களில் கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு
கண் சிமிட்டியபடி நிற்கும்,
கடன் கேட்க வந்தவன்
எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்
வாசலில் நிற்பதுபோல.

விளம்பரம் இல்லை.
வேவு இல்லை.
பிரிண்டரும் இல்லை.

அதாவது, பிரிண்டர் இருக்கிறது.
தம்பி வந்தால் அச்சடிக்கும், போனால் அடிக்காது.
ஒன்பது கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
ரசீதுகளைப் பையில் போட்டுக்கொண்டு
தெருமுனை நகல் கடைக்குப் போகிறேன்.
சுதந்திரத்துக்கு அங்கே
பக்கத்துக்கு ஐம்பது காசு.

கைபேசியில் நான் அவ்வளவு யோக்கியம் இல்லை.
முதலில் அவன் சொன்னதைத்தான் வாங்கினேன்:
நகத்தால் முதுகைத் திறந்து
பேட்டரி மாற்றலாம்; ஒரு திருப்புளி போதும்.
வங்கிச் செயலி அதைப் பார்த்த மாத்திரத்தில்
'இந்தக் கருவியை நம்ப முடியாது' என்றது.
என் கருவி, என் பணம்,
நம்பிக்கை மட்டும் அவர்களுடையது.
நான்கு மாதம் வங்கிக்கு நடந்தே போனேன்.
கவுன்ட்டர் பெண்ணுக்கு என் கோட்டுகள் எல்லாம் மனப்பாடம்.

பிறகு வலது காது மந்தமாயிற்று.
காதுக்கருவி பொருத்தியவர்
பேச்சைத் திருப்பாமல் சொன்னார்:
இது அந்த ஒரு நிறுவனத்தின் போனோடுதான் ஒழுங்காகப் பேசும்.
ஆக, ஆப்பிளைத் தின்றேன்,
ஆறு வார வருமானம் விலை.
பேட்டரியை இனி நான் தொடக்கூடாது.
தம்பி ஒரு வாரம் பேசவில்லை.
பேசியபோது
மிகத் தெளிவாகக் கேட்டது.

அலமாரிக்குள் இருப்பது விண்டோஸ்.
ஏப்ரல் கடைசியில், வருடத்துக்கு ஒருமுறை,
வரிக்கணக்கில் கையெழுத்திட வெளியே எடுப்பேன்.
அந்தச் செயலிக்கு
அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான் கை நீட்டத் தெரியும்.
கதவைத் தட்டினால் காதில் விழாது.

நேற்று மாலை எடுத்தேன்.
'வணக்கம்' என்றது.
'சற்றுப் பொறுங்கள்' என்றது.
நான் உருளைக்கிழங்கு உரித்தேன். முப்பது சதவீதம்.
வெங்காயம் நறுக்கினேன். முப்பது சதவீதம்.
பிறகு, உங்கள் இருப்பிடத்தை அறியலாமா என்று கேட்டது.
பதினோரு மாதம் அலமாரியில் கிடந்ததற்கு
நான் எங்கே போனேன் என்று தெரிய வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்து
பியெரோகிக் கடை தோப்ரோஹ்னா வந்தாள்.
ஈர பூட்ஸைக் கழற்றாமலே,
"போக்னா, மகனுக்கு ஒரு லேப்டாப்.
எதை வாங்க? நல்லதாகச் சொல்."
நல்லது எது என்று எனக்குத் தெரியாது.
"எதன்மேல் தினமும் கோபப்பட
உன்னால் முடியுமோ அதை" என்றேன்.
என்னைப் பார்த்தாள்,
நாற்காலியில் தானே முணுமுணுத்துக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தாள்.
"அதற்குத்தான் வீட்டில் ஒருத்தர் இருக்கிறாரே,
விலை குறைந்ததாகச் சொல்."

இரவு பத்தே முக்காலுக்கு நூறு சதவீதம்.
அட்டையைச் செருகினேன், எண்ணை அடித்தேன்,
ஒன்பது கடைகளும் அரசோடு சமாதானமாயின.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
தம்பியின் எந்திரத்தில்
எந்தக் காரியமும் இவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை.
அதை அவனிடம் சொல்லமாட்டேன்.

மூடி, அலமாரியில் வைத்தேன்.
விளக்கை அணைத்துவிட்டு
காதுக்கருவியைக் கழற்றினேன்.
அலமாரிக்குள் விசிறி
இன்னும் சுற்றிக்கொண்டிருந்திருக்கலாம்.